பொய்யாகக் குனியவில்லை

சேசு மரி சூசை

கிராப்பட்டி, திருச்சி-12
26 நவம்பர் 2024

அன்புள்ள மகன் ஜூடுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் நலத்தைக் கவனித்துக்கொள்வதில் நீ ஒருநாளும் குறை வைத்ததில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று உனக்குத் தோன்றும். அக்டோபரிலிருந்து நான் அனுப்பிய பதினோரு செய்திகளுக்கும் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் விழவில்லை. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான். வீட்டில் இல்லாதவனுக்கும், இருந்துகொண்டே எடுக்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால் உன் டப்ளின் ஆபீஸ் முகவரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும். கூட வேலை செய்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நீ நல்ல பிள்ளையாக வாங்கிக்கொள்வாய்.

உன் சிநேகிதன் வக்கீல் ஸ்டீபன்ராஜ் கொண்டுவந்து கொடுத்த உறை அக்டோபர் முதல் வாரமே வந்துவிட்டது. உள்ளே, மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு நீ போட்டிருக்கும் மனுவின் நகல். உன் கல்யாணம் முதலிலிருந்தே செல்லாது என்று சாமியார்கள் தீர்ப்புச் சொல்லவேண்டுமாம். காரணம், உன் மனைவி யமுனா உண்மையாக மதம் மாறவில்லையாம், உன்னைக் கட்டிக்கொள்வதற்காக வேதத்தில் சேர்ந்ததுபோல் நடித்தாளாம். கூடவே எனக்காக நீயே டைப் அடித்த ஒரு சாட்சிக் கடிதம். ‘எனது மருமகள் இன்றுவரை மனதளவில் இந்துவாகவே வாழ்கிறார், உறுதிப்பூசுதலைக்கூடப் பெற அவர் முன்வரவில்லை’ என்று நான் சொல்வதாக. அடியில் என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வேறு, கிழவி இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று.

அந்தக் கடிதத்தில் ‘ஞானஸ்நானம்’ என்பதை மூன்று இடத்தில் ‘ஞானஸ்தானம்’ என்று அடித்திருக்கிறாய். பதினான்கு வருஷம் சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவளுக்கு விசுவாசம் இல்லை என்று நிரூபிக்கப் புறப்பட்ட நீ, அந்த வார்த்தையையாவது சரியாக எழுதியிருக்கலாம்.

உன் காகிதத்துக்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இங்கே நடந்ததைக் கேள்.

ஆகஸ்ட் மாதம் பூசையில் அறிவிப்புச் செய்தார்கள். நவம்பர் கடைசியில் ஆயர் வருகிறார், உறுதிப்பூசுதல் பெறவேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. அன்றைக்குச் சாயந்தரமே யமுனா போய், ஞானஸ்நானத்தில் ஏற்றதை உறுதிப்படுத்த நானும் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கவனி, உன் உறை வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை. இவள் இந்த எண்ணெயைத் தடவிக்கொண்டால் நீ விசா அனுப்பிவிடுவாய் என்று கணக்குப் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதை அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். அவள் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கான பாடக்குறிப்பை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

போன முறை ஆயர் வந்தது உனக்கு நினைவிருக்கும். இருபத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில், கல்யாணமாகி மூன்று மாதம். அப்போதே அவளுக்கும் கொடுத்துவிடலாம் என்று பங்குச்சாமியார் சொன்னார். நீதான், ‘எண்ணெய் தடவுற சடங்குதானே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று சொல்லி அவளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனாய். ஜூன் மாதம் விமானம் ஏறினாய். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்றாய். இன்றைக்கு இரண்டரை வருஷம். அவள் முன்வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அடிக்கும்போது உன் விரல் கொஞ்சமாவது தயங்கியதா?

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டாம் பூசைக்குப் பிறகு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், நடுவில் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. கைலாசபுரம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளின் வயதுக்காரர்களுக்கு இவள் கணக்கு வாத்தியார், இங்கே அவர்களோடு பெஞ்சில். கால் நீட்ட இடமில்லாமல் ஓரமாக உட்காருவாள். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்கள் வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அந்தத் தாய்மார்களைச் சொல்லவேண்டும். தூய ஆவியின் ஏழு கொடைகளில் இரண்டுகூடச் சொல்லத் தெரியாது. ஆனால் பிள்ளைக்குக் கவுன் எந்தக் கடையில், போட்டோவுக்கு யார், பிரியாணி மட்டனா சிக்கனா, இதெல்லாம் மனப்பாடம். ஞானத்தாய், ஞானத்தகப்பன் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. யார் வீட்டில் கார் பெரியது, யார் மோதிரம் போடுவார்கள் என்றுதான் பேச்சு.

உன்னுடைய உறுதிப்பூசுதலும் அப்படித்தான் நடந்தது என்பதை நான் மறைக்கவில்லை. சைக்கிள் வாங்கித் தந்தால்தான் வகுப்புக்குப் போவேன் என்றாய். வாங்கித் தந்தோம். ஆயர் நெற்றியில் பூசிய தைலம் காயும் முன்னே, போட்டோவில் பளபளக்கிறது என்று கர்ச்சீப்பால் துடைத்தாய். உன் அப்பா கையை ஓங்கினார், நான்தான் தடுத்தேன். தடுத்திருக்கக் கூடாது.

உறை வந்த அன்று நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யமுனாவுக்குத் தெரியாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்தேன். இரண்டு தடவை எடுத்துப் படித்தேன். ஒரு தடவை பேனாவையும் எடுத்தேன், ஜூட். ஒரே பிள்ளை, அவன் வாழ்க்கை அவனுக்கு அமையட்டும், இந்தப் பெண் நம் சாதிசனமா என்ன, என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் போகவேண்டியதில்லை.

பத்தாம் நாள் மழையில் ஒரு மனிதர் குடையோடு நம் கேட்டில் வந்து நின்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். யமுனாவின் அப்பா பீமராவ். அவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, அதன்பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. எங்களுக்கு ஒரே பெண் செத்துப்போனாள் என்று அடையவளஞ்சான் வீதியில் எல்லோரிடமும் சொன்னவர் என்று நீதானே எனக்குச் சொன்னாய்?

அவரை உள்ளே வரச் சொன்னேன். நனைந்த செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நீ அவருக்குப் போன் செய்திருக்கிறாய். மூன்று வருஷமாக ஒரு பண்டிகைக்குக்கூடக் கூப்பிடாத மாப்பிள்ளை, அன்றைக்கு ‘மாமா’ என்று கூப்பிட்டானாம். உங்கள் பெண் எங்கள் மதத்துக்கு மனதார வரவில்லை என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கல்யாணமே நடக்கவில்லை என்று ஆகிவிடும், உங்கள் பெண் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பாள் என்றானாம். இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுச் சொன்னார், ‘எனக்கு அவ மேல கோபம் போகல. போகவும் போகாது. ஆனா அவ நடிச்சான்னு நான் எழுதித் தரமாட்டேன். பொய் சொல்லத் தெரிஞ்சவளா இருந்தா எங்காத்துலயே இருந்திருப்பாளே, ஏன் போனா?’

எனக்குத் தலை நிமிரவில்லை. ஜபம், பூசை, அன்பியக் கூட்டம் என்று அறுபத்தாறு வருஷம் ஓட்டிய நான் பேனாவைக் கையில் எடுத்தேன். நம் மாதா கோயில் வாசல் மிதிக்காத அந்த மனிதர் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து யமுனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இருவரும் அழுது கட்டிக்கொண்டார்கள் என்று எழுதினால் உனக்குப் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்து, ‘சாப்பிடறியா ஒழுங்கா?’ என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அப்பா எதற்கு வந்தார் அத்தை என்று கேட்டாள். பீரோவைத் திறந்து உறையை அவள் கையில் கொடுத்தேன்.

முழுவதும் படித்தாள். கணக்கு நோட்டைத் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாக. உனக்குச் சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘இதுல ஒண்ணு மட்டும் உண்மை அத்தை’ என்றாள். ‘ஞானஸ்நானம் வாங்கினப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அவர் சொன்னார், நான் தலையைக் குனிஞ்சேன். புரியாம குனிஞ்சேன், பொய்யாக் குனியல.’ அப்படியானால் இப்போது இந்த உறுதிப்பூசுதல் எதற்கு, இனிமேல் அவன் வரப்போவதில்லையே, பெயரை எடுத்துவிடலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘அவர் போனப்புறம் எனக்குப் போக இடம்னு இருந்தது காலை அஞ்சரை மணிப் பூசை மட்டும்தான். அங்க யாரும் என்னை யாரோட பொண்டாட்டின்னு கேக்கல. போயிட்டே இருந்தேன். ஒரு நாள் பார்த்தா நானாத்தான் போயிட்டிருக்கேன். அப்ப அவருக்காகப் போனேன். இது அவருக்காக இல்ல.’

தினமும் அஞ்சரைப் பூசைக்கு எழுந்து போகிறாளே, வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மாமியார் நான்.

இனி நம் பங்கு மக்களின் லட்சணத்தைக் கேள். யமுனாவுக்கு ஞானத்தாயாக நிற்க டெல்பின் டீச்சர் ஒத்துக்கொண்டிருந்தாள். மரியாயின் சேனைத் தலைவி, எந்தக் கூட்டத்திலும் முதல் செபம் அவளுடையதுதான். ஸ்டீபன்ராஜ் வாய் சும்மா இருக்குமா? உன் மனுவின் விஷயம் பங்கு முழுவதும் பரவிவிட்டது. பூசுதலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, டெல்பின் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துக்க வீட்டுக்கு வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கேஸ் நடக்கிற இடத்தில் தான் நின்றால் பிரச்சினை வருமோ என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார், அந்தப் பெண் விசுவாசத்தைப் பற்றியே சந்தேகம் இருக்கும்போது தன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றாள். மனசாட்சிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் அவள் நன்றாக ஒளிந்துகொண்டாள். வாழைப்பழத்தை அவள் பையிலேயே திரும்பப் போட்டு அனுப்பினேன். தூய ஆவியின் கொடைகளில் துணிவு என்று ஒன்று உண்டு, அவள் பூசுதல் வாங்கிய அன்றைக்கு அது தீர்ந்துபோயிருக்கும் என்று வாசலில் வைத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜெஸ்லின் சிரித்துவிட்டாள்.

யமுனா, யாரும் இல்லாமலே நிற்கிறேன், சாமியாரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். நான் வருகிறேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ‘நீங்களா?’ என்று இரண்டு தடவை கேட்டாள். வகுப்பு நடத்தும் வேதியர் இன்னாசிராஜிடம் போனோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பெற்ற தாய் தகப்பன் ஞானப்பெற்றோராக நிற்கக் கூடாது என்பது சட்டம், மாமியார் நிற்கலாமா தெரியவில்லை என்று புத்தகத்தைப் புரட்டினார். நான் அவளைப் பெறவில்லை ஐயா, அந்த நல்ல காரியத்தைச் செய்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள், நீங்கள் என் பெயரை எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

நேற்று முன்தினம், கிறிஸ்து அரசர் ஞாயிறு. கோயில் வாசலில் ஆயரை வரவேற்று ஏழு ஃபிளெக்ஸ் பேனர். ஆயர் படம் சின்னது, பேனர் வைத்தவர்கள் படம் பெரியது. உள்ளே வீடியோக்காரர்கள் பீடத்தை மறைத்து நின்றார்கள். யமுனா பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கட்டும் அந்த வெள்ளைக் கைத்தறிப் புடவையைக் கட்டியிருந்தாள். வெள்ளைக் கவுன்களுக்குப் பின்னால் கடைசி ஆளாக அவள், அவளுக்குப் பின்னால் நான். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் அரை அடி தள்ளி நின்றுகொண்டது. டெல்பின் மூன்றாம் பெஞ்சில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், கண் எங்கள் மேல்.

ஆயர் வயதானவர், களைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பூசிவிட்டு முப்பத்தொன்பதாவதாக ஒரு பெரிய பெண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து பார்த்தார். முறைப்படி என் வலது கையை அவள் தோளில் வைத்தேன். எலும்பு தட்டியது. என் வீட்டில் சாப்பிடுகிறவள், எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயர் என்னைப் பார்த்துப் பரிவாக, மகளா என்று கேட்டார். அவர் உடுப்பில் குத்தியிருந்த மைக் அதைக் கோயில் முழுவதும் கொண்டுபோனது. பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

‘மருமகள், ஆண்டவரே. என் மகன் ஜூடின் மனைவி’ என்றேன்.

அதுவும் மைக்கில் போனது. பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்டீபன்ராஜ் அங்கேதான் நின்றான்.

ஆயருக்கு எங்கள் கதை தெரியாது. நல்லது என்று சொல்லிவிட்டு, தைலத்தைத் தொட்டு அவள் நெற்றியில் சிலுவை வரைந்து, தூய ஆவியின் முத்திரையைப் பெற்றுக்கொள் என்றார். அவள் ஆமென் என்றாள். அந்த ஆமெனை நீ கேட்டிருக்கவேண்டும். அதற்கு முன் முப்பத்தெட்டு ஆமென் கேட்டேன், எல்லாம் வாய்க்குள்ளேயே செத்தன. இவள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி விடை சொல்கிறவள்.

வீட்டுக்கு வந்து இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். பிரியாணி இல்லை, மோதிரம் இல்லை, போட்டோவும் இல்லை. சாப்பிடும்போது அவள் தன் முடிவைச் சொன்னாள். உனக்கு விவாகரத்து வேண்டுமென்றால் கோர்ட்டில் இருவரும் சம்மதம் என்று நாளைக்கே கையெழுத்துப் போடுவாள். உன்னைப் பிடித்துவைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையில்லை. ஆனால் சாமியார்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தால் போவாள், தான் நடிக்கவில்லை என்று சொல்வாள். அதை மாற்ற மாட்டாள். உன் வக்கீலிடம் சொல்லிவிடு.

என் பதில் இது. நீ அனுப்பிய காகிதத்தைப் பெருக்கல் குறியோடு அப்படியே இந்த உறையில் வைத்திருக்கிறேன். சாட்சியை நான் சொந்தக் கையெழுத்தில் நாலு பக்கம் எழுதி நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன் அவள் வேதத்தில் சேரவேண்டும் என்று அடம்பிடித்தது நான், பிலோமினா என்ற பெயரை அவளைக் கேட்காமல் வைத்தது நான், அதற்காக அவள் பெற்றவர்களை இழந்தபோது வாய் திறக்காமல் இருந்தது நீயும் நானும் என்று எழுதினேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ வீடியோவில் பேசியபோது, உன் பின்னால் சோபாவில் ஒரு சிவப்புக் கோட்டு கிடந்தது, அது உன் அளவு இல்லை என்பதையும் எழுதினேன். அன்றைக்கு யமுனாவும் அதைப் பார்த்தாள். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பீடத்துக்கு முன்னால் பொய் சொன்னது யார் என்று விசாரிக்கச் சொல்லி நீயே மனுப் போட்டிருக்கிறாய். விசாரிக்கட்டும்.

இந்த வீடு இனி உனக்கு இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத என்னால் முடியவில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரும்பி வா என்று கேட்கவில்லை, அவளோடு வாழ் என்றும் கேட்கவில்லை. அவள் நம்பருக்கு ஒரு தடவை போன் செய். அவள் எடுப்பாள், மணி அடித்தால் எடுக்கிறவள் அவள். ‘நான் எழுதியது பொய்’ என்று சொல். அவ்வளவுதான், மூன்று வார்த்தை. சொல்லிவிட்டு வைத்துவிடு. அதைச் சொல்லாமல் உனக்கு எந்த நீதிமன்றம் எதைக் கொடுத்தாலும், நீ அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டப்ளினில் புயல் என்று நேற்று செய்தியில் காட்டினார்கள். உனக்குக் காற்றுப் பட்டால் காதில் சீழ் வைக்கும். பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே போ.

உன்னை ஆண்டவர் கைவிடாமல் இருக்கட்டும். நான் அவரிடம் தினமும் அதைக் கேட்கத்தான் செய்கிறேன், வெட்கத்தோடு.

உன் அம்மா,
ரோசரி